மயிலை மாட்டின் மிச்ச ஆயுள்

என் வீட்டுக்காரர் செங்கோடன், செத்துப்போன ஒரு மாட்டுக்காக ஆறு வருஷம் சபையின் திருவிருந்தில் கை நீட்டாமல் இருந்தார். இதைச் சொன்னால் யாருக்கும் சிரிப்பு வரும். நானும் சிரித்திருக்கிறேன். ஆனால் சிரித்த நாட்களைவிடத் திட்டிய நாட்கள்தான் அதிகம்.

என் பெயர் குழந்தையம்மாள். பீளமேட்டுக்குப் பக்கத்தில் மிஷன் பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். இருபத்தெட்டு வயது வரைக்கும் எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் காப்பியைக் குடித்துவிட்டு, "பொண்ணுக்கு வாய் கொஞ்சம் நீளமுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கடைசியில் எங்கள் சபையின் மாசிலாமணி போதகர்தான் இவரைக் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார். மில்லில் நூற்கும் பிரிவில் மேஸ்திரி வேலை. ஞானஸ்நானம் வாங்கி ஒரு வருஷம் ஆகியிருந்தது. தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். காப்பியைக் குடித்துவிட்டு டம்ளரைத் தானே கழுவி வைத்தார். வாய் நீளமானவளுக்கு இப்படி ஒரு ஆள் போதும் என்று நான் சம்மதித்தேன். இது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றாம் வருஷம்.

கல்யாணமான முதல் மாதமே விஷயம் தெரிந்துவிட்டது. எங்கள் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து; இயேசு நமக்காகச் செத்ததை நினைத்து ஆளுக்கொரு துண்டு ரொட்டி எடுக்கிற பந்தி. அதில் கலந்துகொள்கிறவர்கள் அதற்கு முந்தைய வாரமே பெயர் கொடுக்க வேண்டும். போதகர் ஒரு கறுப்பு அட்டை நோட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாக வருவார். எங்கள் வீட்டுக்கும் வந்தார். நான் என் பெயரைக் கொடுத்தேன். இவர் எழுந்து நின்று கைகட்டிக்கொண்டு, "எனக்கு இந்த மாசம் வேண்டாமுங்க" என்றார். போதகர் அவரை ஒரு நிமிஷம் பார்த்தார். நோட்டில் ஏதோ எழுதினார். போய்விட்டார். அடுத்த மாதமும் இதே கதை. அதற்கடுத்த மாதமும்.

ஒருநாள் பிடித்து உட்கார வைத்துக் கேட்டேன். அப்போதுதான் மாட்டின் கதை வெளியே வந்தது.

இவருடைய ஊர் ஊஞ்சப்பாளையம். மில்லிலிருந்து நாலு மைல். அங்கே இவருக்கும் தம்பி பாலுசாமிக்கும் பொதுவாக ஒரு கிணறு. இருபத்தொன்பதாம் வருஷத்துக் கோடையில் கிணற்றில் தண்ணீர் அடிக்குப் போய்விட்டது. காலையில் தம்பி முறை, மதியத்துக்குமேல் அண்ணன் முறை என்று மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கிற கவலையை ஓட்டினார்கள். கவலை ஓட்டுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பூட்டிய மாடுகள் சரிவில் இறங்கி நடந்தால் கிணற்றிலிருந்து தோல் சால் மேலே வந்து தண்ணீரைக் கொட்டும். பிறகு அதே மாடுகள் முதுகுப்பக்கமாகவே பின்வாங்கிக் கிணற்று மேட்டுக்கு ஏற வேண்டும். நாளெல்லாம் இப்படி முன்னும் பின்னும்.

ஒருநாள் பாலுசாமி தன் முறை முடிந்த பிறகும் இறைத்துக்கொண்டே இருந்தார். மிளகாய்ச் செடி காய்கிறது, இன்னும் நாலு சால், நாலு சால் என்று. இவர் காத்துக் காத்து, கடைசியில் கோபம் தலைக்கேறி ஓடிப்போய், பின்வாங்கிக்கொண்டிருந்த மாட்டின் முகத்தில் சாட்டையால் வீசிவிட்டார். மிரண்ட மாடு இரண்டடி அதிகமாகப் பின்னால் போனது. கழுத்துக் கயிறு அறுந்தது. ஜோடி மாடு தப்பித்துக்கொண்டது. இந்த மாடு கிணற்றுக்குள் போய்விட்டது.

அது காங்கேயம் மாடு. சாம்பல் பூத்த வெள்ளை, எங்கள் பேச்சில் மயிலை நிறம். வயது ஆறு. பாலுசாமி அதைக் கன்றிலிருந்து வளர்த்தவர். கிணற்று மேட்டில் உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதாராம். அழுது முடித்து, அண்ணனைப் பார்த்து, "பரவாயில்லீங்கண்ணா, நீங்க ஊட்டுக்குப் போங்க" என்றாராம்.

இவர் அன்றோடு ஊரை விட்டார். தன் பங்கு நிலத்தையும் தம்பியையே பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு மில்லுக்கு வந்தார். மில்லுக்கு வந்த இடத்தில் சபைக்கு வந்தார். ஞானஸ்நானம் வாங்கினார். முதல் திருவிருந்துக்கு முந்தைய நாள் ஆயத்தக் கூட்டத்தில் போதகர் ஒரு பேச்சு பேசினார்: உன் சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் இருந்தால் முதலில் போய் அவனோடு ஒப்புரவாகு, அப்புறம் இங்கே வா. எல்லோரும் மாதா மாதம் கேட்டுத் தலையாட்டுகிற பேச்சுதான். இந்த மனுஷர் மட்டும் எழுந்து வெளியே போனார்.

போனவர் ஒரு கணக்குப் போட்டார். மயிலை இருந்திருந்தால் இன்னும் பத்து வருஷம் உழைத்திருக்கும். அதன் ஆயுளைக் குறைத்தது நான். ஆகவே அதன் மிச்ச ஆயுளை நான் உழைத்துக் கழிக்க வேண்டும். பத்து வருஷம் முடிந்தால் தம்பிக்கு நான் செய்தது நேராகிவிடும். அதற்குப் பிறகு பந்திக்கு வரலாம்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் மதியச் சங்கு ஊதி மில் விட்டதும், வீட்டுக்கு வந்து தூக்குப்போணியில் சோறு கட்டிக்கொண்டு ஊஞ்சப்பாளையம் நடப்பார். இருட்டும்வரை தம்பியின் கவலையை ஓட்டுவார். திரும்பி வருவார். அங்கே ஒரு வாய் மோர்கூடக் குடிக்கமாட்டார். ஏன் என்று கேட்டேன். "அங்க உண்டுபோட்டா செஞ்சது அதுல கழிஞ்சு போயிருமல்ல, அம்மணி?" என்றார். ஏதோ எனக்குத்தான் இந்தச் சின்ன விஷயம் புரியாதது மாதிரி.

பாலுசாமியின் மனைவி சின்னாத்தாள் நல்லவள். கொழுந்தனார் குடும்பம் இந்துக்கள்தான், நாங்கள் சபைக்காரர்கள். அதற்காக அங்கே யாரும் எங்களைத் தள்ளி வைக்கவில்லை. ஊர்க்காரர்களில் நாலு பேர் ஏதோ பேசினார்கள். சின்னாத்தாள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நான் போனால் என் கையைப் பிடித்துக்கொண்டு அடுப்படியிலேயே உட்கார வைப்பாள். அவளுக்கு இருந்த ஒரே குறை இதுதான்.

"ஏனுங்கக்கா, மாமா எங்க ஊட்டுல ஒரு வாய் தண்ணி குடிச்சு எத்தனை வருசமாச்சு? வேலைக்கு வார ஆளுககூட உண்டுட்டுப் போறாங்க. எங்களை என்னன்னு நெனச்சுட்டு இருக்காரு?"

நான் என்னத்தைச் சொல்ல? மாட்டுக்குப் பதிலாக உழைக்கிறார், மாடு அடுப்படிக்கு வராது என்றா சொல்ல முடியும்?

இந்த இடத்தில் என்னைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். திருவிருந்துக்கான ரொட்டியை வெட்டுகிற வேலை சபையில் என்னுடையது. கணக்கு டீச்சர் அல்லவா, துண்டுகள் ஒரே அளவாக வரும் என்று போதகர் என்னிடம் ஒப்படைத்திருந்தார். உக்கடம் ரசாக் பாய் கடை ரொட்டி. முதல் ஞாயிறு விடிகாலையில் போதகர் எண்ணிக்கை சொல்லுவார். நான் வெட்டித் தட்டில் அடுக்குவேன். ஒவ்வொரு மாதமும் ஒரு துண்டு மிஞ்சும். நாற்பத்தொன்று என்றால் நாற்பது பேர்தான் வருவார்கள். முப்பத்தாறு என்றால் முப்பத்தைந்து பேர். போதகர் வேதம் படித்த அளவுக்குக் கூட்டல் படிக்கவில்லை என்று நான் முடிவு செய்துவிட்டேன். ஒருமுறை சொல்லியும் காட்டினேன். அவர் சிரித்துவிட்டு, "இருக்கட்டும் அம்மா" என்றார். மிஞ்சிய துண்டைச் சபைக் கோயில் வாசற்படியில் உதிர்த்துப் போடுவேன். சிட்டுக்குருவிகள் அதற்குப் பழகி, முதல் ஞாயிறு என்றால் தாமாகவே வந்து உட்கார்ந்துவிடும்.

அந்த ஐந்து வருஷமும் நான் தனியாகவேதான் பந்திக்குப் போனேன். பக்கத்தில் இடம் காலியாக இருக்கும். திரும்பிப் பார்த்தால் கடைசிப் பெஞ்சில் இவர் தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்பார். எல்லோரும் சாப்பிடும்போது தன் கைகளை உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்துக்கொள்வார். கயிறு பிடித்துக் காய்த்துப்போன கைகள். அதைப் பார்த்த வருத்தத்தை வருத்தமாகச் சொல்லத் தெரியாமல், வீட்டுக்கு வந்து கோபமாகக் கொட்டுவேன்.

முப்பத்தாறாம் வருஷம் சித்திரையில் ஒருநாள் அப்படிக் கொட்டியதில்தான் வினை முற்றியது.

"வாங்க இங்கே. நான் உங்களுக்கு ஒரு கணக்குச் சொல்லித் தருகிறேன்," என்று சிலேட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். "மாடு வாரத்துக்கு எத்தனை நாள் உழைக்கும்?"

"ஆறு நாளு."

"நீங்கள்?"

"சனிக்கெழமை அரை நாளு."

"அப்படியென்றால் மாட்டின் ஒரு வாரத்துக்கு நீங்கள் பன்னிரண்டு வாரம் உழைக்க வேண்டும். பத்து வருஷத்துக்கு நூற்றிருபது வருஷம். ஆரம்பிக்கும்போது உங்களுக்கு வயது முப்பது. நூற்றைம்பதாவது வயதில் நீங்கள் திருவிருந்துக்கு வரலாம். நான் ரொட்டி வெட்டி வைக்கிறேன்."

அவர் சிலேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எதிர்பார்த்தது அவர் சிரிப்பார் என்று. அவர் முகம் வெளுத்துப் போயிற்று. இந்த ஆறு வருஷத்தில் அந்தக் கணக்கு அவருக்குத் தோன்றவே இல்லை. அன்று இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிட்டார். எனக்கு என்மேலேயே வெறுப்பாக இருந்தது.

இரண்டு நாள் கழித்து அவரே வந்து சொன்னார்: "அம்மணி, நல்லவேளை நீ சொன்னே. ஞாயித்துக்கெழமையும் போயிரலாம்னு இருக்கேன். முழு நாளாச்சல்ல? சனியும் ஞாயிறும் சேர்ந்தா நாப்பது வருசத்துல முடிஞ்சிரும். ஆறு வருசம் ஓட்டுனதையும் கழிச்சா இன்னுங் கொஞ்சம் கொறையும்."

தலையில் கை வைத்துக்கொண்டேன். திருவிருந்துக்குத்தான் வராமல் இருந்தார். இப்போது சபைக்கே வராமல் போகப் போகிறார். அதுவும் என் கணக்கால்.

போதகரிடம் ஓடினேன். அவர் வீட்டுக்கு வந்தார்.

"தம்பி, இது என்ன புதுசாய்?" என்றார்.

"நீங்கதானுங்களே சொன்னீங்க, சகோதரனோட மொதல்ல சரி பண்ணிட்டு வான்னு. சரி பண்ணிட்டு இருக்கேனுங்க."

"சரி பண்ணத்தான் சொன்னேன். மாடாகச் சொல்லவில்லையே."

இவர் சிரிக்கவில்லை.

"உங்கள் தம்பியிடம் மன்னிப்புக் கேட்டீர்களா?"

"அன்னைக்கே கேட்டேனுங்க. பரவாயில்லீங்கன்னான்."

"பிறகென்ன?"

"ஐயாங்க, நம்ம சீமையில பரவாயில்லீங்கன்னு சொல்லாதவங்க யாருங்க? காலை மிதிச்சாலும் பரவாயில்லீங்கம்பாங்க, காட்டை எடுத்துக்கிட்டாலும் பரவாயில்லீங்கம்பாங்க. அதை நம்பிக்கிட்டு நான் எப்படிங்க பந்தியில வந்து உக்காருவேன்?"

போதகர் திருநெல்வேலிச் சீமை நாசரேத்துப் பக்கத்துக்காரர். எங்கள் ஊர் மரியாதையில் அவரும் சிக்கித் தவித்தவர்தான்.

"அந்தப் பந்தி உழைத்து முடித்தவர்களுக்குப் போடுகிறது இல்லை, தம்பி," என்றார் மெதுவாக. "உழைத்து முடித்தவர் ஒருத்தர்தான். அவர் கூப்பிடுகிறார், நாம் போகிறோம். அவ்வளவுதான்."

"அது பெரியவங்களுக்குங்க," என்றார் இவர். அவ்வளவு பணிவாக அவ்வளவு பிடிவாதம் பிடிக்க எங்கள் வீட்டுக்காரரால்தான் முடியும்.

மூன்று ஞாயிறு போனார். விடியும் முன்னே கிளம்பி, பொழுது சாய்ந்து வருவார். நான் சபையில் தனியாக உட்கார்ந்து பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு பாட்டும் வாயில் வராது.

நாலாவது வாரம் பாலுசாமி எங்கள் வீட்டுக்கு வந்தார். தோளில் துண்டு, கையில் ஒரு சீப்பு வாழைப்பழம், முகமெல்லாம் சந்தோஷம்.

"அண்ணா, கெணத்துக்குக் கரண்டு வந்துபோச்சுங்க! மோட்டார் எறக்கியாச்சு. வார சனிக்கெழமை மதியத்துக்கு மேல போடறமுங்க. நங்கையாளைக் கூட்டிட்டு நீங்க கண்டிசனா வரோணும்."

நங்கையாள் என்றது அண்ணன் மனைவியான என்னைத்தான். நீலகிரியிலிருந்து பைக்காரா மின்சாரம் வந்த பிறகு எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு தோட்டமாக மோட்டார் வந்துகொண்டிருந்தது. பொத்தானை அமுக்கினால் தண்ணீர் என்று எல்லோரும் அதையே பேசிக்கொண்டிருந்த காலம்.

"அப்ப கவலை?" என்று இவர் கேட்டார்.

"கவலை என்னத்துக்குங்க? கழட்டிப் போட்டாச்சு. தோல் சாலைச் சக்கிலியருக்குக் குடுத்துப்போட்டேன். மாடு ரெண்டும் இனி வண்டிக்கும் உழவுக்கும் மட்டுந்தேன்."

பாலுசாமி போன பிறகு இவர் தூக்குப்போணியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கடைசியில், "அவ்வளவுதேன் அம்மணி. எனக்கு இனி வழியே இல்ல," என்றார். அவர் கண்ணில் நான் முதல்முறையாகத் தண்ணீர் பார்த்தேன். எனக்கும் சிரிப்பு வரவில்லை.

அந்தச் சனிக்கிழமை நாங்கள் இருவரும் நடந்து போனோம். பழக்க தோஷம், தூக்குப்போணியில் சோறு கட்டிக்கொண்டார். விருந்து வீட்டுக்குச் சோறு கட்டிக்கொண்டு போகிற ஒரே ஆள் உலகத்தில் இவர்தான் என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. சிலேட்டுக் கணக்குக்குப் பிறகு என் வாய்க்குக் கொஞ்சம் பூட்டுப் போட்டிருந்தேன்.

கிணற்று மேட்டில் ஊரே நின்றது. மோட்டாருக்கு மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, மாலை போட்டிருந்தார்கள். பூசை நடந்தபோது நாங்கள் இருவரும் வேப்ப மரத்தடியில் ஒதுங்கி நின்றோம். தேங்காய் உடைத்து முடித்ததும் பாலுசாமி நேராக எங்களிடம் வந்தார்.

"அண்ணா, வாங்க. நீங்கதேன் சுச்சைப் போடோணும்."

"நானா? வேண்டாஞ் சாமி. நீ போடு."

"பெரியவங்க நீங்க இருக்கறப்ப நான் போடறதுங்களா? வாங்கண்ணா."

"நான் போடமாட்டேன்."

அக்கம்பக்கத்தார் திரும்பிப் பார்த்தார்கள். இவர் அடக்கி அடக்கி வைத்திருந்தது வெளியே வந்துவிட்டது.

"எனக்கு இன்னும் எத்தனை வருசம் பாக்கி இருக்குதுன்னு உனக்குத் தெரியுமா? அந்த மயிலைக்காக ஒவ்வொரு வாரமும் நான் ஓட்டுனேன். இப்ப மோட்டாரைப் போட்டு எல்லாத்தையும் அடைச்சுப்போட்டே. நான் இனி உனக்கு என்ன செய்யறது? எதைச் செஞ்சு நேராக்கறது?"

பாலுசாமி திகைத்து நின்றார். அந்த மனுஷருக்கு அதுவரை விஷயமே தெரியாது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அண்ணன் பிறந்த மண்ணின் ஆசையில் வந்து கவலை ஓட்டுகிறார் என்று நினைத்திருக்கிறார். ஆறு வருஷமாக இருவரும் ஒருவரிடம் ஒருவர் மரியாதையாக இருந்தார்களே தவிர, பேசிக்கொள்ளவில்லை.

பிறகு பாலுசாமியின் முகம் சிவந்தது.

"மாட்டுக்கா? அந்த மாட்டுக்கா நீ வாரா வாரம் வந்தே?" என்று கத்தினார். மரியாதையெல்லாம் காற்றில் போய்விட்டது. "அதை நான் அன்னைக்கே விட்டுட்டேன், நீ விடலையா? என்ற மொறை முடிஞ்சும் எறைச்சவன் நானு. நான் ஒரு நாளாச்சும் உன்னைக் கேட்டனா? என்ற பொண்டாட்டி ஒவ்வொரு சனிக்கெழமையும் உனக்குன்னு ஒலை வெச்சு, நீ உண்ணாமப் போறதைப் பாத்து அழுவா. உன்ற சோத்தைக் கட்டிட்டு வந்து, மரத்தடியில திரும்பி உக்காந்து தின்னுட்டுப் போவே. எனக்கு எப்படி இருக்கும்? மாடு போனதுக்கு ஒரு நாளுதேன் அழுதேன். நீ போனதுக்கு ஏழு வருசமா அழுதுட்டு இருக்கேன்!"

பாலுசாமி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கத்தியதற்கு உடனே வெட்கமும் வந்துவிட்டது அவருக்கு.

நான் என் வீட்டுக்காரரையே பார்த்துக்கொண்டிருந்தேன். திட்டு வாங்கிய மனுஷரின் முகத்தில், கட்டிவைத்த மாட்டை அவிழ்த்துவிட்டது போல் ஒரு தளர்வு. ஏழு வருஷத்துக்கு முன்னால் கேட்ட 'பரவாயில்லீங்கண்ணா'வை அவரால் நம்ப முடியவில்லை. இந்தக் கோபத்தை நம்பாமல் இருக்க முடியவில்லை. தன்மேல் மனத்தாங்கல் உள்ளவன் இப்படித் திட்டமாட்டான் என்று எங்கள் ஊர் மனுஷனுக்குத் தெரியும்.

"சரிடா," என்றார் கடைசியில். "சுச்சு எங்க இருக்குது?"

போய் அமுக்கினார். மோட்டார் உறுமியது. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு குழாய் இருமியது, கலங்கலாகக் கொஞ்சம், அப்புறம் இரண்டு கை அகலத்துக்கு வெள்ளையாகத் தண்ணீர் வந்து தொட்டியில் விழுந்தது. பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டு உள்ளே குதித்தார்கள். இவர் தொட்டி ஓரத்தில் நின்றார். கையை என்ன செய்வது என்று தெரியவில்லை அவருக்கு. பிடிக்கக் கயிறு இல்லை, அதட்ட மாடு இல்லை. குனிந்து வாய்க்காலில் மண்ணைத் தள்ளிவிடப் போனார். அது ஏற்கெனவே வெட்டிச் சரியாக இருந்தது. நிமிர்ந்தார். தண்ணீர் அது பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது. கடைசியில் கையை நீட்டி அதில் பிடித்து, முகத்தில் அடித்துக்கொண்டார்.

வீட்டில் பந்தி போட்டார்கள். சின்னாத்தாள் இவரைக் கையைப் பிடிக்காத குறையாக அழைத்து வந்து முதல் இலையில் உட்கார வைத்தாள். தூக்குப்போணியை வாங்கி, உள்ளே இருந்த சோற்றை அவர் கண்ணெதிரே மாட்டுத் தொட்டியில் கொட்டினாள். இலையில் பருப்புப் போளியை, எங்கள் பக்கத்து ஒப்பிட்டை, வைத்து அதன்மேல் நெய்யை ஊற்றினாள். இவர் இலையைப் பார்த்துக்கொண்டே, "மாட்டுக்குச் சோளத்தட்டு ஏதாச்சும் வெட்டிப் போடோணுமாம்மா? அதை முடிச்சிட்டு வாரேனே," என்றார்.

"மாமா, கம்முனு உண்ணுங்க," என்றாள் அவள்.

உண்டார். ஒன்று, இரண்டு, மூன்று ஒப்பிட்டு. நாலாவதை அவரே கேட்டு வாங்கினார். பாலுசாமி எதிர் இலையில் உட்கார்ந்து தன் இலையைத் தொடாமல் அண்ணன் உண்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். சின்னாத்தாள் அடுப்படிக்குள் போய் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். நானும் துடைத்துக்கொண்டேன், எனக்கென்ன வெட்கம்.

திரும்பி நடந்து பீளமேடு நெருங்கும்போது இவர், "ஒப்பிட்டு நல்லா இருந்துச்சு அம்மணி," என்றார். அந்த ஒரு பேச்சில் நான் நிறைந்துபோனேன்.

மறுநாள் முதல் ஞாயிறு. விடிகாலையில் நான் கோயில் அறையில் ரசாக் பாய் ரொட்டியைப் பலகையில் வைத்துக்கொண்டு நின்றேன். போதகர் நாற்பத்துமூன்று என்று சொல்லியிருந்தார். கத்தியை எடுக்கும்போது நிழல் தட்டியது. வாசலில் என் வீட்டுக்காரர். வெளுத்த சட்டை, எண்ணெய் வைத்து வாரிய தலை, எனக்குப் பின்னாலேயே நடந்து வந்திருக்கிறார்.

"பேரு குடுக்கலையே அம்மணி," என்றார் மெல்ல. "நேத்து ஆயத்தக் கூட்டத்துக்கும் வரல. இப்ப கேட்டா உடுவாங்களா?"

கத்தியைக் கீழே வைத்தேன். அவரை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டுப் போதகரிடம் ஓடினேன். அவர் அங்கியைப் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஐயா, எங்கள் வீட்டுக்காரர் வந்திருக்கிறார். பந்திக்கு. இன்னொரு பெயர் சேர்க்க வேண்டும், நாற்பத்துநாலு வெட்டட்டுமா?"

போதகர் ஜன்னல் வழியாக இவரைப் பார்த்தார். பிறகு அந்தக் கறுப்பு அட்டை நோட்டை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"நாற்பத்துமூன்றே போதும் அம்மா. அவரைச் சேர்த்துத்தான் சொன்னேன்."

நோட்டில் அந்த மாதத்தின் கடைசிப் பெயர் செங்கோடன். முந்தைய மாதத்தைப் புரட்டினேன். கடைசிப் பெயர் செங்கோடன். அதற்கு முந்தைய மாதமும், அதற்கு முந்தைய மாதமும். எங்கள் வாசலில் நின்று அவர் வேண்டாமுங்க என்று சொன்ன ஒவ்வொரு தடவையும் போதகர் எழுதியது அதைத்தான். சிலேட்டும் பலப்பமுமாக இருந்த கணக்கு டீச்சருக்கு ஐந்து வருஷமாக அந்த ஒரு துண்டு யாருக்கு என்று தெரியவில்லை.

"எப்போதிருந்து ஐயா?" என்றேன்.

"ஞானஸ்நானம் கொடுத்த மாதத்திலிருந்து," என்றார் போதகர். "போய் வெட்டு அம்மா. நேரமாகிறது."

வெட்டினேன். துண்டுகள் அன்றைக்கு ஒரே அளவாக வரவில்லை. என் கண் சரியாக இல்லை.

பந்தி வேளையில் இவர் என் பக்கத்தில் வந்து நின்றார். தட்டு எங்களிடம் வந்தபோது தன் கைகளைத் திருப்பிப் பார்க்க ஆரம்பித்தார், பாதியில் நிறுத்தி, நீட்டினார். போதகர் வைத்தார். உண்டார்.

ஆராதனை முடிந்து தட்டை எடுத்துக்கொண்டு வாசற்படிக்கு வந்தேன். குருவிகள் வழக்கம்போல் வந்து உட்கார்ந்திருந்தன. தட்டைக் கவிழ்த்துக் காட்டினேன். ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரம் கத்திப் பார்த்துவிட்டுப் பறந்து போயின.